மெஷினுக்கு ஒரு துணி

இரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்வதற்குள் வெள்ளைத்தாய் பன்னிரண்டாம் நம்பர் மெஷின் முன்னால் வந்து நின்றுவிட்டாள். வந்ததும் ஆணியில் தொங்கிய மூக்குத் துணியை எடுத்து முகத்தில் வைத்துப் பிடரியில் முடிச்சுப் போட்டாள். முதல் ஷிப்ட் பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பெல்ட் ஓடுகிற இரைச்சலில் கத்திப் பேசினால்தான் காது கேட்கும். வெள்ளைத்தாயும் கத்தித்தான் சொன்னாள்.

"பெரியம்மா, துணி இன்னைக்கு ஒரே ஈரமா இருக்கு."

சித்திரை மாசத்துக் கோவில்பட்டி வெயிலில், தகரக் கொட்டகைக்குள் எட்டு மணி நேரம் நின்றவளின் வேர்வை காயுமா என்ன என்று சொல்லத்தான் வெயிலுகந்தம்மாள் வாயெடுத்தாள். நிமிர்ந்து வெள்ளைத்தாயைப் பார்த்ததும் எடுத்த வாய் அப்படியே நின்றுவிட்டது. துணியில், சரியாக வாய் இருக்கும் இடத்தில், புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பாக ஊறியிருந்தது. வெற்றிலைச் சாறு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் காலை ஷிப்டில் அந்தத் துணியைக் கட்டியிருந்தவள் பாலம்மாள். பாலம்மாள் புருஷனைப் பறிகொடுத்த அன்றே வெற்றிலையை விட்டவள்.

வெயிலுகந்தம்மாள் பாய்ந்துபோய் அந்தத் துணியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சில் தலைமுடி சிக்கிக்கொண்டது. அவிழ்க்கப் பொறுமையில்லாமல் முடியோடு சேர்த்து இழுத்தாள். வெள்ளைத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியம்மா கையில் இருக்கிற துணியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வெயிலுகந்தம்மாள் அவளை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய், வாய், மூக்கு, கழுத்து எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள். நாலைந்து தடவை கொப்பளிக்க வைத்தாள். 

இந்த இடத்தில் வெயிலுகந்தம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பருத்தி ஜின்னிங் பாக்டரியில் பெண்களுக்கெல்லாம் கங்காணி அவள்தான். எச்சில் விஷயத்தில் அவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை அந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது. ஒருத்தி தெரியாமல் செம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டால், அந்தச் செம்பைப் புளி போட்டு மூன்று தடவை விளக்காமல் தொடமாட்டாள். கல்யாண வீட்டில் பரிமாறுகிறவனின் கரண்டி ஒரு இலையில் பட்டு அவள் இலைக்கு வந்துவிட்டால் போதும், பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவிவிடுவாள். பெண்கள் அவளைக் கேலி செய்வதும் உண்டு. மதினி சொர்க்கத்துக்குப் போனாலும் அமிர்தத்தை அண்ணாந்துதான் குடிப்பாள் என்பார்கள். அவள் அதையெல்லாம் சட்டை செய்ததில்லை.

அவள் புருஷன் மாடக்கண்ணு இதே பாக்டரியில் பஞ்சை அமுக்கிப் பொதி கட்டுகிற பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். இருமி இருமி நெஞ்சுக்கூடு தெரிய மெலிந்து செத்துப்போனார். பஞ்சு நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். அங்கே வேலை பார்க்கிற எல்லோரும் இருமுகிறவர்கள்தான். ஆகவே அதில் யாரும் சந்தேகப்படவில்லை. அவரைப் புதைத்துவிட்டு வந்து பதினாறாம் நாள் கழிந்ததும் வேலைக்கு வந்த வெயிலுகந்தம்மாள், அன்றிலிருந்து முதலாளியிடம் ஒரே கோரிக்கையைத்தான் வைத்தாள். மூக்கைக் கட்டத் துணி வேண்டும். கூலி கூட்டிக் கேட்டிருந்தால்கூட முதலாளி சீக்கிரம் மசிந்திருப்பார். இவள் துணியைக் கேட்டு இரண்டு சீசன் மல்லுக்கு நின்றாள். எமர்ஜென்சி முடிந்த வருஷம்தான் அது நடந்தது. ஒருநாள் காலை பெண்களையெல்லாம் மெஷினைத் தொடாமல் வாசலில் உட்கார வைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் மெல்லிய மல்லுத் துணி ஒரு பீஸ் வந்து இறங்கியது.

மேஸ்திரி சங்கிலிப்பாண்டி மெஷினை எண்ணினார். எத்தனை மெஷினோ அத்தனை துணி கிழித்தார்கள். ஆளுக்கு ஒன்று என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எண்ணெய்க் குப்பி மெஷினுக்கு ஒன்று, நிற்கிற பலகை மெஷினுக்கு ஒன்று, பஞ்சு வாருகிற கூடை மெஷினுக்கு ஒன்று. அப்புறம் துணி மட்டும் எப்படி ஆளுக்கு ஒன்று ஆகும்? காலை ஷிப்ட் முடிந்ததும் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டியது, மாலை ஷிப்ட்காரி வந்து எடுத்துக் கட்ட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை வெயிலுகந்தம்மாளே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ச் சோடா உப்புப் போட்டு அவித்துக் காயப்போட்டுக் கொண்டுவருவாள். செம்பில் வாய் பட்டால் மூன்று தடவை விளக்குகிறவளுக்கு, நாளெல்லாம் ஒருத்தி வாய்மேல் கிடந்த துணி எச்சில் என்று ஒருநாளும் படவில்லை. அதில் யாரும் தின்னவில்லை, குடிக்கவில்லை. அது வெறும் துணி.

இன்னொரு ஏற்பாடும் அங்கே உண்டு. ஒரே மெஷினில் காலையில் நிற்கிறவளும் மாலையில் நிற்கிறவளும் ஜோடி. காலைக்காரி வேலையில் இருக்கும்போது மாலைக்காரி அவளுக்கும் சேர்த்துக் குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து வைப்பாள். மாலைக்காரி வேலைக்குப் போனதும் அவள் பிள்ளையைக் காலைக்காரி பார்த்துக்கொள்வாள். யாரை யாருக்கு ஜோடி போடுவது என்பது கங்காணி கையில். தங்கச்சி மகள் வெள்ளைத்தாய் கைப்பிள்ளையோடு வேலை கேட்டு வந்தபோது வெயிலுகந்தம்மாள் யோசித்து யோசித்துத்தான் பன்னிரண்டாம் நம்பரைக் கொடுத்தாள். வாசலை ஒட்டிய மெஷின் அது, காற்று வரும். பாலம்மாளுக்கு நெஞ்சு கொஞ்சம் மோசம் என்பதால் அந்த மெஷினுக்கு மட்டும் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து வைத்திருந்தாள். அதையும்விட முக்கியம், பாலம்மாளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, பிள்ளை என்றால் உயிரை விடுவாள். வெள்ளைத்தாய்க்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவன் தவசி. புருஷன் லாரியில் பம்பாய் போனால் மாசக் கணக்கில் வரமாட்டான். பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூட வெள்ளைத்தாய் ராத்திரி தூங்கமாட்டாள். அவனை நம்பிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்றுதான் வெயிலுகந்தம்மாள் நினைத்தாள். தன் தங்கச்சியிடமும் அப்படித்தான் சொன்னாள்.

அன்று வெள்ளைத்தாயை வேலைக்கு நிற்க வேண்டாம் என்று வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, துணியை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பாலம்மாள் வீட்டுக்கு விறுவிறு என்று நடந்தாள். கோபம் கோபமாக வந்தது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

பாலம்மாள் முற்றத்தில் பலகை போட்டு, காலை நீட்டி, கால்மேல் தவசியைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வெந்நீர்ச் சுகத்தில் கண்ணை மூடிக் கிடந்தது. வெயிலுகந்தம்மாள் காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். பாலம்மாள் ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை. தை மாசவாக்கிலேயே சளியில் ரத்தம் இழை இழையாக வந்ததாம், நின்றுவிடும் என்று நினைத்தாளாம், சொன்னால் வேலைக்கு வரவேண்டாம் என்பார்கள் என்று பயந்தாளாம்.

"பஞ்சுதான மதினி? அண்ணாச்சிக்கு வந்த மாதிரி பஞ்சு இருமல்தான? மூக்கைக் கட்டிக்கிட்டுத்தான நிக்கேன்" என்றாள்.

அண்ணாச்சி என்று அவள் சொன்னது மாடக்கண்ணுவை. வெயிலுகந்தம்மாளின் கோபம் அந்தச் சொல்லில் பாதி கரைந்துபோயிற்று. நாளைக்குக் காலையில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம், தட்டிப் பேசக் கூடாது என்று மட்டும் சொன்னாள். பாலம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைசிச் செம்பைப் பிள்ளை தலையில் ஊற்றினாள். பிறகு வழக்கம்போல அவன் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே தூக்கி, மூக்கில் தங்கிய தண்ணீர் போகும்படி இரண்டு துவாரத்திலும் ஊதினாள். இரண்டு காதிலும் ஊதினாள். உச்சந்தலையில் ஒரு ஊது ஊதினாள். பிள்ளை சிரித்தது. வெயிலுகந்தம்மாள் கொடியில் கிடந்த பழைய சேலைத் துண்டை எடுத்து விரித்துப் பிடித்து அவனை வாங்கித் துவட்டினாள். பிள்ளைக்கு ஊதிவிடுவதில் பாலம்மாள் கைராசிக்காரி, அவள் ஊதினால் சளி பிடிப்பதில்லை என்று வெயிலுகந்தம்மாளே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பாலம்மாளின் சளியை டப்பாவில் பிடித்து வாங்கிக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் பாலம்மாளை வெளிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவர் யார் என்று கேட்டு வெயிலுகந்தம்மாளை மட்டும் டாக்டரம்மா உள்ளே அழைத்தாள். சேலத்துப் பக்கத்துக்காரி, சின்ன வயசு, சத்தம் போடாமல் பேசுகிறவள். பஞ்சு இருமல் இல்லை, இது டி.பி. என்றாள். கிருமி நிறையவே இருக்கிறது, ஊசியும் மாத்திரையும் ஒன்றரை வருஷம் விடாமல் எடுத்தால் குணமாகும் என்றாள். பஞ்சுத் தூசியில் வருகிற இருமல் வேறு, இது வேறு, இரண்டுக்கும் இருமல் ஒன்றுபோலக் கேட்கும் என்றும் சொன்னாள்.

வெயிலுகந்தம்மாளுக்கு அந்தச் சொல் தலையில் இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. தன் புருஷனுக்கு வந்ததும் இதுதானா என்று கேட்டாள். பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும் என்றாள் டாக்டரம்மா. செத்து ஆறு வருஷம் ஆனவரை இனி யார் பார்ப்பது? அவள் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போல, படபடவென்று பேச ஆரம்பித்தாள். எங்கள் பாக்டரியில் எச்சில் புழங்குவது கிடையாது, அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்போம், யாரும் யார் சோற்றிலும் கை வைப்பதில்லை, மூக்கைக் கட்டாமல் ஒருத்தியையும் மெஷின் பக்கம் விட்டதில்லை என்றாள். துணி மெஷினுக்கு ஒன்று என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு நாக்கு தடுமாறியது.

டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். துணியை மாற்றி மாற்றிக் கட்டியது தப்புதான், ஆனால் இந்த நோய் முக்கியமாய்ப் பரவுவது மூச்சில், இருமலில், அடைத்துக் கிடக்கிற காற்றில் என்றாள். ரெண்டு மூணு வாரம் விடாமல் இருமுகிறவரை முதலில் இங்கே அனுப்பியிருக்க வேண்டும் என்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வேலை முடிஞ்சதும் அந்தத் துணிய என்ன பண்ணுவாங்க?"

"ஆணியில மாட்டிட்டுப் போயிருவோம்மா. அது மெஷின் துணி."

"அப்போ இருமல் மட்டும் வீட்டுக்குப் போகுது. வீட்ல அவங்ககூட யார் இருக்காங்க?"

"யாருமில்லம்மா. ஒத்தைக்கட்டை" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

சொல்லிவிட்டு, தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ஒத்தைக்கட்டை. தினமும் இரண்டரை மணியிலிருந்து ராத்திரி வரை அந்த ஒற்றை அறைக்குள் பாலம்மாளின் மடியில் கிடப்பது யார்? வெயிலுகந்தம்மாளின் கண்ணுக்கு முன்னால் நேற்று முன்தினத்து முற்றம் வந்தது. துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு தான் நின்றதும் வந்தது. கையில் ரத்தத் துணியோடு போனவள், அதைக் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி வைத்துவிட்டு, அந்த வாய் பிள்ளையின் மூக்கில் ஊதுவதைச் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.  காது அடைத்தது. டாக்டரம்மா ஏதோ கேட்பது தெரிந்தது, என்ன கேட்கிறாள் என்பது தெரியவில்லை.

"பிள்ளை இருக்கும்மா" என்றாள் கடைசியில். "என் தங்கச்சி மக பிள்ளை. அவதான் பாத்துக்கிடுதா. அவதான் குளிப்பாட்டுதா. மூக்குல ஊதுவா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். எத்தனை மாசப் பிள்ளை, எப்போதிருந்து என்று கேட்டாள். எட்டு மாசப் பிள்ளை, பொங்கல் கழிந்ததிலிருந்து என்று வெயிலுகந்தம்மாள் சொன்னாள். பிறந்தபோது தோளில் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டாள். பிரசவம் வீட்டிலேயே ஆனது, ஊசி ஒன்றும் போடவில்லை. பிள்ளையையும் தாயையும் உடனே கூட்டிவரச் சொன்னாள் டாக்டரம்மா. பிள்ளையின் கையில் ஒரு சோதனை ஊசி போட வேண்டும், மூன்றாம் நாள் அந்த இடம் தடித்திருந்தால் கிருமி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு நெஞ்சோடு போகும், இத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு மூளைக் காய்ச்சலாக ஏறிவிடக்கூடும், அதனால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றாள். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொன்னாள். வெயிலுகந்தம்மாளுக்கு அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

வெள்ளைத்தாயிடம் அதை எப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. சொல்லி முடித்த பிறகு நடந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. வெள்ளைத்தாய் அழவில்லை. மடியில் கிடந்த பிள்ளையின் மூக்கை முந்தானையால் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். தோல் சிவந்து பிள்ளை வீறிட்ட பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெயிலுகந்தம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"நீங்கதான பெரியம்மா ஜோடி போட்டீங்க" என்றாள் வெள்ளைத்தாய், பிள்ளையைப் பார்த்தபடியே.

வெயிலுகந்தம்மாள் இருவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அன்றைக்கே பிள்ளையின் கையில் சோதனை ஊசி போட்டார்கள்.

அன்று சாயங்காலம் சங்கிலிப்பாண்டி அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார். பாலம்மாளை நிறுத்தியாகிவிட்டது, விஷயம் இதோடு இருக்கட்டும், வெளியே தெரிந்தால் முதலாளி சீசன் நடுவில் பாக்டரியை மூடிவிடுவார், அத்தனை பேர் பிழைப்பிலும் மண்ணைப் போடாதே என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. வெயிலுகந்தம்மாள் மறுநாள் இரண்டு மணிச் சங்குக்கு வாசலில் போய் நின்றாள். வெளியே வருகிறவர்களையும் உள்ளே போகிறவர்களையும் சேர்த்து நிறுத்தி, பாலம்மாளுக்கு வந்தது என்ன, துணியில் இருந்தது என்ன, பிள்ளைக்கு நடந்தது என்ன என்று ஒன்று விடாமல் சொன்னாள். விடாமல் இருமுகிறவள் எவளாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், ஜோடிக்காரியிடம் பிள்ளையை விட்டவர்கள் பிள்ளையையும் தூக்கிவர வேண்டும் என்றாள்.

அவர்கள் அவளை மெச்சுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.  ஒவ்வொருத்தியும் தன் ஜோடிக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த கண்ணை உடனே எடுத்துக்கொண்டாள். நேற்றுவரை ஒரே குடத்தைச் சேர்ந்து தூக்கியவர்கள் ஆளுக்கு இரண்டடி தள்ளி நின்றார்கள். முத்துமாரியம்மாள் என்று ஒருத்தி, சாதுவானவள், யாரையும் வையாதவள், முன்னால் வந்து, "துணி கொண்டாந்ததும் நீங்க, இப்ப வந்து பயங்காட்டுததும் நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிவர வீட்டுக்கு ஓடினார்கள்.

அன்று சாயங்காலம் வெயிலுகந்தம்மாள் பாலம்மாள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. பாலம்மாள் உள்ளே இருந்தபடியே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். இரண்டு ஊசிக்கே இடுப்பு வீங்கிவிட்டது என்றாள். வெயிலுகந்தம்மாள் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"மதினி, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைதானே? அவனத் தூக்காதட்டின்னு எவளாச்சும் ஒரு சொல்லு சொல்லியிருந்தா தூக்கியிருப்பனா நான்?"

 நாளைக்குத்தான் தெரியும் என்றாள் வெயிலுகந்தம்மாள்.

மறுநாள், மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாக்டரிப் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத்தாய் இரண்டு நாளும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போட்டே வைத்திருந்தாள். ஊசி போட்ட இடத்தைத் தானும் பார்க்கவில்லை, பெரியம்மாவையும் பார்க்க விடவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்து உள்ளே போனார்கள். மூன்று நாளில் வெள்ளைத்தாய் அவளிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது. ஆனால் உள்ளே நுழையும்போது மட்டும் பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பிள்ளையை மேசைமேல் உட்கார வைத்துச் சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டினாள். வெள்ளைத்தாய் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாடு விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலுகந்தம்மாளுக்கும் பிள்ளையின் கையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரலைப் பார்த்தாள். பெருவிரல் நுனி பிள்ளையின் முன்னங்கையில் மேலிருந்து கீழே மெல்ல வந்தது. ஒரு இடத்தில் நின்றது. திரும்ப மேலே போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றது.

டாக்டரம்மா இடது கையால் மேசை டிராயரை இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்கேலை எடுத்து அந்த இடத்தில் வைத்து அளக்கக் குனிந்தாள். தவசி அதைத் தனக்குத்தான் தருகிறார்கள் என்று நினைத்து, மற்ற கையால் ஸ்கேலை எட்டிப் பிடித்துக்கொண்டு, பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தான்.